சடையாண்டியின் புண்ணில் வளராத கிருமி

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்து லேப்பில் ஜெஸ்ஸிக்கு இருபத்தாறு வருட வேலை. சீழ், சளி எது வந்தாலும் தட்டில் தடவி வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று எழுதித் தரவேண்டும். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. மாடி வார்டில் என்ன கேட்க வேண்டுமானாலும் ஃபோனிலேயே கேட்டுக்கொள்வாள்.

சிறுமலையில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து கெண்டைக்கால் கிழிந்த சடையாண்டி, பதினோரு நாளாக அந்த வார்டில் கிடந்தார். கொடுத்த எந்த மருந்தும் கேட்கவில்லை. அவருடைய சீழ் மூன்று முறை வந்தும் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. “லேப்லதான் ஏதோ தப்பு” என்றார் டாக்டர். சீழை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்க ஜெஸ்ஸியே படியேறிப் போனாள்.

நர்ஸ் இளவேனில் புண்ணைத் திறந்திருந்தாள். சீழ் எடுக்கப் பஞ்சுக்குச்சியைத் தொடுவதற்கு முன், சிறு பாட்டிலிலிருந்து ஒரு மருந்தைப் புண்ணில் ஊற்றினாள்.

“அது என்ன?”

“லிக்னோகெய்ன்க்கா. மரத்துப்போறதுக்கு. குச்சி பட்டாலே இவரு துடிக்கிறாரு, பாக்க முடியல.”

வலி தெரியாமலிருக்கச் செய்த அந்த மருந்துக்குக் கிருமியை அடக்கும் குணமும் உண்டு என்று படிக்கும் காலத்தில் கேட்டது ஜெஸ்ஸிக்கு நினைவு வந்தது. கீழே வந்து, வேறொரு நோயாளியின் சீழில் வளர்ந்திருந்த கிருமியைத் தட்டில் தடவி, நடுவில் அந்த மருந்தில் நனைத்த காகிதத்துண்டை வைத்தாள். மறுநாள் தட்டெங்கும் கிருமி. காகிதத்தைச் சுற்றி மட்டும் வெறுமை. புண்ணை ஆற்ற அந்த மருந்து போதாது. குச்சியில் ஒட்டி வந்ததை வளரவிடாமல் செய்யப் போதும்.

மறுபடி மேலே போனாள். “இன்னைக்கு மரக்கிற மருந்து போடாம எடுக்கணும். வலிக்கும்.”

“எம்புட்டு நேரம் தாயி?” என்றார் சடையாண்டி.

“செத்த நேரந்தான்.”

அவர் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதார். இளவேனில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெஸ்ஸியே குச்சியை உருட்டி எடுத்தாள்.

இந்த முறை கிருமி வளர்ந்தது. அதுவரை கொடுத்த எதற்கும் கட்டுப்படாத அது, வேறொரு மருந்துக்கு அடங்கியது. மூன்று வாரத்தில் புண் ஆறியது. கால் தப்பியது, போன சதை போனதுதான், இனி ஏணி ஏற முடியாது. சீழ் எடுத்த பிறகே மரப்பு மருந்து என்று வார்டில் எழுதி ஒட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் அன்று சடையாண்டி லேப் வாசலில் வந்து நின்றார்.

“அன்னைக்கு என்னைய அழ வச்சீகளே, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கோபமா நன்றியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“பாத்துப் போங்க” என்றாள்.

அவர் நொண்டிக்கொண்டே சிறுமலை பஸ்ஸுக்குப் போனார். பார்க்க வேண்டிய சாம்பிள் இன்னும் பதினாறு இருந்தது.