ஜெயத்தின் நகக்கீறல்

எலுமிச்சம்பழத்தை எல்லோரும் பார்த்து வாங்குவார்கள். நாங்கள் ஜெயத்தைப் பார்த்து வாங்குவோம். முதலியார்பேட்டையில் என் பக்கத்து வீடு அவள். பெரிய மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரித்து வியாபாரம்.

எலுமிச்சங்காய் மூட்டையில் சிறு நார்த்தங்காயும் கலந்து வரும். அதே பச்சை, அதே உருண்டை. மற்றவர்கள் தடவிப் பார்த்தும் ஏமாறுவார்கள். ஜெயம் கட்டைவிரல் நகத்தால் தோலில் ஒரு கீறு கீறி மூக்கருகே கொண்டுபோவாள். "இது நார்த்த" என்று ஒதுக்குவாள். தப்பவே தப்பாது.

அவள் புருஷன் பக்கிரி, மில் மூடிய பிறகு அதே மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். "இவ மூக்குக்கு மூக்குத்தி பத்தாது, பூட்டுதான் போடணும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கொரோனா இரண்டாவது அலையில் இருவரும் சேர்ந்தே காய்ச்சலில் படுத்தார்கள். அவள் எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன பக்கிரி திரும்பவில்லை. கடைசியாக முகத்தைக்கூடக் காட்டவில்லை பாவிகள்.

அந்த வருஷமே என் மகள் வளைகாப்பில் ஜெயத்திடம் வாங்கிய காயைப் பிழிந்த எலுமிச்சம்பழச் சாதம் வாயில் வைக்க முடியாமல் கசந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போயிற்று. நான் சும்மா இருக்கிற ஆளா? மறுநாள் மார்க்கெட்டுக்கே போய்க் கத்தினேன். ஜெயம் ஒரு காயைக் கீறி முகர்ந்து, அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. ஜொரம் வந்ததுல இருந்தே தெரியல."

"அப்புறம் ஏண்டி வித்த?"

"வேற என்னாக்கா தெரியும் எனக்கு?"

அன்று கத்தியதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

அதன் பிறகு நார்த்தை கலக்காத, மஞ்சளாகப் பழுத்ததை மட்டும் விற்றாள். ஆனாலும் தினமும் காலையில் வாசலில் நின்று ஒரு காயைக் கீறி முகர்ந்து பார்ப்பாள். "பழம்தானே விக்கிற, இன்னும் எதுக்குடி இது?" என்று கேட்டேன். உள்ளே கூட்டிப்போய் பீரோவைத் திறந்தாள். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு நீலச் சட்டை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பக்கிரி கழற்றி மாட்டியது.

"தொவைக்கலக்கா. அவரு வாசன உள்ளயே இருக்கு. மூக்கு வரட்டும்னு வச்சிருக்கறேன்."

போன தை மாதம் ஒரு காலையில் ஓடி வந்தாள். "அக்கா, வந்துடுச்சு!"

எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் கண்ணை என் முந்தானையால் கட்டிவிட்டு எலுமிச்சையும் நார்த்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பத்தும் சரி. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

உடனே அவள் வீட்டுக்குப் போனோம். கை மணம் சட்டையில் ஏறிவிடக் கூடாதென்று முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். கவரை அவிழ்த்துச் சட்டையில் முகம் புதைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு காலர், அக்குள், கைமடிப்பு என்று ஒவ்வொன்றாக முகர்ந்தாள். சட்டென்று எழுந்துபோய் ஒரு எலுமிச்சங்காயை எடுத்து வந்து கீறி முகர்ந்தாள். மறுபடியும் சட்டை.

"எலுமிச்ச நல்லா தெரியுதுக்கா" என்றாள். "இதுல கவரு வாசனதான் அடிக்குது."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் சட்டையை மடியில் போட்டு நீவினாள்.

"இத்தன நாளா என் மூக்கத்தான்க்கா திட்டிக்கினு இருந்தேன்."