பையைத் திறந்த மத்தியானம்

இரண்டு வருடத்துக்கு முன், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். வில்லியனூரில், ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீஸில் நடந்தது இது. வீடு, கடை, கல்யாண மண்டபம் என்று கட்டடங்களுக்கு டிசைன் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ். சார் ஆர்க்கிடெக்ட். நான் சீனியர் டிராப்ட்ஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் பதவிக்குப் பெயர் அதுதான்.

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த வருடம் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். பூரணாங்குப்பத்துக்காரர், நாற்பதை நெருங்கியவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. காது சுத்தமாகக் கேட்காது. பேச்சும் நாலைந்து வார்த்தைதான் வரும். ஆனால் கம்ப்யூட்டரில் வரைவதில் கில்லாடி. "எல்லா மாதிரி ஆளும் நம்ம டீம்ல இருக்கணும்மா" என்று சொல்லித்தான் சார் அவரை எடுத்தார். நான் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள், 'இது வேலைக்கு ஆகுமா' என்றுதான் ஓடியது. இத்தனைக்கும், நான் சேர்ந்த புதிதில் "பொம்பளைய சைட்டுக்கு அனுப்பாதீங்க" என்றவர்களோடு மல்லுக்கு நின்றவள் நான். அதெல்லாம் வசதியாக மறந்துபோயிருந்தது.

எங்கள் ஆபீஸில் எல்லாமே வாய்ச்சொல்தான். "அந்த ஜன்னல ஆறு இஞ்ச் தள்ளு", "பாத்ரூம் கதவ இந்தப் பக்கம் திருப்பு" என்று இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குக் கத்துவோம். மேஸ்திரிக்குப் போனில் சொல்லிவிட்டால் முடிந்தது. எழுதிவைக்கும் பழக்கமே கிடையாது. புதியவரோ நாங்கள் பேசும்போது எங்கள் முகத்தையே பார்ப்பார். போன் பேசினால் வாயையே பார்ப்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஒருநாள், நாங்கள் சிவப்புப் பேனாவால் திருத்திக் கசக்கிப் போட்ட பிரிண்ட்டைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, நீவி மடித்துத் தன் பையில் வைப்பதைப் பார்த்துவிட்டேன்.

அதே வாரம் ஒரு கஸ்டமர், "இதே முகப்ப பக்கத்துத் தெரு ஆபீஸ்லயும் காட்னாங்களே மேடம்" என்றார். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஆஹா, ஆள் கிடைத்துவிட்டான்!

நேரே சாரிடம் போனேன். "நம்ம டிசைன்லாம் அங்க போவுது சார். இவருதான் எடுத்துக் குடுக்கறாரு."

"இன்னாம்மா சொல்ற? ஆதாரம் இல்லாம பேசாத. நெசமா இருந்தா இன்னிக்கே வேலைய விட்டு நிப்பாட்டிடறேன்."

ஆதாரம்தானே? பூரணாங்குப்பத்துக்காரர் டிபன் பாக்ஸோடு மொட்டை மாடிக்குப் போன நேரத்தில், அவர் பையை என் மேஜைக்குத் தூக்கிவந்து ஜிப்பை இழுத்தேன். உள்ளே கசங்கிய பிரிண்ட்டுகள் ஒரு கட்டு, கூடவே ஒரு தடித்த நோட்டு. "சார், மாட்டிக்கிட்டாரு!" என்று கத்தினேன். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

சார் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்கு ஒரு கட்டடம். அதில் என்ன மாறியது, யார் சொன்னது என்று பொடிப்பொடி எழுத்து. 'ஜன்னல் தள்ளியது. குப்பைப் பேப்பரில் பார்த்தேன்.' 'கதவு திரும்பியது. மேடம் போனில் சொன்னது, உதடு பார்த்தேன்.' நாங்கள் யாரும் அவரிடம் சொல்லாததையெல்லாம் அவரே பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார்.

கடைசிப் பக்கத்தில் பாகூரில் ஒரு கரும்பு விவசாயி கட்டிக்கொண்டிருந்த வீடு. மாடியில் பூஜை அறையை இரண்டடி முன்னால் இழுக்கச் சொன்னார் அந்த விவசாயி. நான்தான் மேஸ்திரிக்குப் போனில் சொன்னேன், வரைபடத்தில் மாற்றவில்லை. அந்த இரண்டடித் தளம் மாடிப்படிக்கு மேலே வந்து நின்றிருந்தது. நோட்டில் படிக்கட்டை வரைந்து, எட்டாவது படியில் தலை முட்டி நிற்கும் ஒரு ஆளையும் போட்டிருந்தார். அதன் கீழே:

'திங்கள், மேடத்திடம் காட்டினேன். பிசி. செவ்வாய், பிசி. புதன், பிசி.'

அய்யோ. மூன்று நாளும் இந்த நோட்டைத்தான் நீட்டினார். "அப்புறம், அப்புறம்" என்று கையை ஆட்டி விரட்டியவள் நான். அன்று வியாழன். வெள்ளி காலையில் அங்கே மாடித் தளத்துக்குக் கான்கிரீட்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "கான்கிரீட்ட நிறுத்துங்க" என்றேன்.

"இன்னா மேடம், கம்பிலாம் கட்டியாச்சு, காலைல மிக்சர் மிஷின் வருது, இப்ப போய் நிறுத்துன்றீங்க?"

"படிக்கு மேல டேப்ப வச்சுப் பாத்துட்டு சொல்லுங்க."

டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அட ஆமா மேடம்! சாரத்துலயே ஏறி எறங்கனோமா, கவனிக்கல. அஞ்சடிதான் கீது. குனிஞ்சிக்கினுதான் மாடிக்குப் போவணும். மிஷின வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.

போனை வைத்துத் திரும்பினால், அவர் வாசலில் நிற்கிறார், கையில் கழுவிய டிபன் பாக்ஸ். திறந்து கிடந்த பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. நான் தரையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு எப்படித் தெரியும்? தலையை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து, மறுபடியும் சொன்னேன். அவமானத்தில் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

அவர் போனை எடுத்து ஏதோ தட்டி என்னிடம் நீட்டினார். 'நீங்க எல்லாரும் பேசறீங்க. எனக்குப் பேப்பர்லதான் கேக்கும் மேடம்.'

அந்த முகப்பு விவகாரம்? சாரும் பக்கத்துத் தெருக்காரரும் இணையத்தில் ஒரே படத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். கர்மம்!

இப்போது எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய வெள்ளை போர்டு இருக்கிறது. அதில் எழுதாத எந்த மாற்றமும் செல்லாது, சார் சொன்னாலும் சரி. அந்த அண்ணாவும் என்னோடு நன்றாகத்தான் பழகுகிறார், போன வாரம்கூட மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் கை கழுவ எழுந்தால்கூட பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போகிறார். அந்தப் பை என் மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அன்று ஜிப்பை இழுத்த என் கை இன்னும் கூசுகிறது; அந்தக் கூச்சம் எனக்குத் தீராமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன்.