ஞானமேரியின் இரண்டு பிள்ளைகள்

கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, எல்லோரும் முகாமுக்கு வாருங்கள் என்று மைக்கில் சொன்னபோது ஞானமேரி வெள்ளத்துக்குப் பயப்படவில்லை. முகாமுக்குத்தான் பயந்தாள்.

கடலூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள் அவள். கணவர் தைரியராஜுக்குச் சிதம்பரத்தில் லாட்ஜ் வேலை; வாரம் ஒருமுறைதான் வருவார். மூத்தவன் ஜெகனுக்குப் பதினேழு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். இளையவள் சகாய பிரியாவுக்குப் பன்னிரண்டு. புத்தகத்தைப் படிப்பதுபோலப் பேசுவாள், நல்ல மார்க் வாங்குவாள். அதனால், சீருடை குத்துகிறது என்று அவள் அழுததையும், மிக்ஸி சத்தத்துக்கு ஓடி ஒளிந்ததையும் பிடிவாதம் என்றே ஞானமேரி நினைத்தாள். இரண்டு முறை அடித்தும் இருக்கிறாள்.

போன வருஷம் சிதம்பரத்து டாக்டர் இவளுக்கும் ஆட்டிசம்தான் என்றார்.

"இவ நல்லா பேசுறாளே டாக்டர்?"

"பேச்ச மட்டும் வச்சி சொல்ல முடியாதும்மா. ஒருத்தருக்கு வேணுங்கறது இன்னொருத்தருக்கு ஆகாது. ரெண்டு பேரையும் தனித்தனியா பாருங்க."

பார்ப்பதற்கு வீட்டில் ஞானமேரி ஒருத்திதானே இருந்தாள்!

முகாம் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம். மதியம் காற்று ஜன்னலை அறையத் தொடங்கியதும் ஜெகன் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தட்ட ஆரம்பித்தான். பயம் வந்தால் அந்தச் சத்தம்தான் அவனுக்குப் பிடிமானம். தட்டைப் பிடுங்கினால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். பிரியா காதைப் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டாள்.

"அம்மா, நிறுத்தச் சொல்லுங்கள். தலைக்குள் வலிக்கிறது."

ஞானமேரி தைரியராஜுக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. ஜெகனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிரியாவிடம் போக முடியாது.

அதே அறையில் இருந்த எதிர்வீட்டுச் சந்திரலேகாவுக்கு மனசு கேட்கவில்லை. இறுக்கிப் பிடித்தால் ஜெகன் அடங்குவதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். அதுபோலவே பிரியாவையும் கட்டிப்பிடித்தாள். பிரியா அலறினாள். கையை உதறிக்கொண்டு மழைக்குள் ஓடிவிட்டாள்.

ஞானமேரி பின்னாலேயே ஓடினாள். மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கேட் வேறு திறந்து கிடந்தது. பேர் சொல்லிக் கத்தவும் பயம். சத்தம் கேட்டால் இன்னும் ஓடுவாள். இரண்டு வராந்தாவும் தேடி, கடைசியில் மாடிப்படிக்கு அடியில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே அவளைக் கண்டாள். கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா தொடமாட்டேன்."

காதிலிருந்து கையை எடுத்த பிறகு பிரியா சொன்னாள்: "அண்ணன் தனியாக இருக்கிறான். அவனுக்குப் பயமாக இருக்கும். நீங்கள் போங்கள்."

இவளை எப்படி விட்டுப் போவது? அப்போது சந்திரலேகா நனைந்தபடி வந்து நின்றாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்கா? அவனுக்குப் புடிக்குமேன்னுதான..."

"அவனுக்குப் புடிக்கும். இவளுக்குச் சூடு வச்ச மாதிரி இருக்கும்." டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகியும் இதை ஞானமேரி யாருக்கும் சொன்னதில்லை. "தள்ளி உக்காந்துக்க. நீயா பேசாத. அவ கேட்டா மட்டும் சொல்லு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். போயிடாத."

மூன்று முறை திரும்பிப் பார்த்தபடி ஞானமேரி வகுப்பறைக்கு நடந்தாள். ஜெகன் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தான். பின்னால் உட்கார்ந்து அவன் தோளை அழுத்திப் பிடித்தாள். சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது.

மறுநாள் தைரியராஜ், நேர்வழி தண்ணீரில் மூழ்கியதால், பண்ருட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். முகாம் இன்னும் இரண்டு நாள் நீடித்தது. பிரியா பகலெல்லாம் மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தாள்; ஒரு கை தூரம் தள்ளி, வாயைத் திறக்காமல் சந்திரலேகா. அப்படியும் கால் மணிக்கொருதரம் ஞானமேரி எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.