தும்மலுக்கு ஒரு சாட்சி

எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பனச்சமூடு சந்தைக்குப் பக்கத்தில் என் வீடு. அம்மாவும் போன பிறகு அதில் நான் மட்டும்தான்.

பட்டாளத்திலிருந்து திரும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. குண்டு பட்டோ கால் போயோ நான் வரவில்லை. வடமேற்கு எல்லையில், பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளின் தீவனக் கிடங்கில் என்னைப் போட்டிருந்தார்கள். பொழுது முழுக்கக் காய்ந்த புல்லின் தூசிதான். அங்கே பிடித்த தும்மல் அப்புறம் விடவே இல்லை. மூக்கு அடைத்துக்கொள்ளும், கண்ணில் நீர் வழியும், தூக்கம் என்பதே இல்லாமல் போனது. கடைசியில் வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊனத்துக்கான பென்ஷன் கேட்டேன். இது பிறவியிலேயே உள்ள உடல்வாகு, பட்டாள வேலையால் வந்ததல்ல என்று தள்ளிவிட்டார்கள்.

கால் இல்லாதவனைப் பார்த்தால் ஊருக்கு இரக்கம் வரும். தும்முகிறவனைப் பார்த்து யார் இரங்குவார்கள்? காசம் என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் எனக்கென்று ஒரு கிளாஸைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். சபையில் ஜெபத்துக்கு நடுவே தும்மினால் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்வார். கடைசி பெஞ்சுக்குப் போனேன். பிறகு போவதையே விட்டுவிட்டேன். பெண் கேட்ட இடங்களிலும் பதில் வரவில்லை. சில வாரங்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே கழிந்ததுண்டு.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். கணவன் இல்லாதவர். மரச்சீனிக் கிழங்கை அவித்துச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார். புறப்படும்போது தும்மல் கேட்டால் ஆகாது என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. காலையில் அவர் கூடையோடு இறங்க, நான் உள்ளே தும்ம, அவர் என் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். கதவு சாத்தும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் ஊர் திரும்பிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

மேல்முறையீடு செய்திருந்தேன். விசாரணைக்குத் திருவனந்தபுரத்துக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. பட்டாளத்தில் சேரும் முன்பே என்னை அறிந்த ஒருவரைச் சாட்சிக்கு அழைத்து வரவேண்டுமாம். அந்த வாரம்தான் கடையடைப்பும் போலீஸ் லாரிகளுமாக இருந்தது. எங்கள் பக்கம் பஸ்ஸும் ஓடவில்லை. சின்ன வயதில் என்னோடு சபையில் பாட்டுப் பாடியவரிடம் போய்க் கேட்டேன். "இப்பமா? திருவனந்தபுரத்துக்கா? போலீசுகாரன் அடிச்சா ஒனக்க பென்ஷன் வந்து எனக்க எலும்பக் கூட்டுமா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இன்னொருவர், "தும்மலுக்கும் பென்ஷன் உண்டா லே?" என்று சிரித்தார். அதற்கு மேல் கேட்க எனக்கு ஆளில்லை.

தனியாகவே போவது என்று விடியும்போது இறங்கினேன். வேலிப் பக்கத்தில் அந்த அக்கா நின்றிருந்தார். நெற்றியில் விபூதி, துவைத்த சேலை, கையில் கூடை இல்லை.

"எலே, நில்லு. நானும் வாறேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"சந்தையில பேசினாவ. ஒனக்கு ஆளு இல்லேண்ணு. எனக்கும் நெய்யாற்றின்கரையில மகள ஒண்ணு பாக்கணும். நட."

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் மாறியது. திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வழியோரக் கல்லில் உட்கார்ந்தார். "கொஞ்சம் வெள்ளம் எடுத்துட்டு வா," என்றார். கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்தார். சற்று நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு எழுந்தார். "இனி போலாம். இது புதுப் பொறப்பாடாக்கும்."

பெருங்கடவிளைப் பக்கம் போலீஸ் மறித்தது. தூசிக்குப் பயந்து முகத்தைச் சுற்றி நான் துவர்த்துத் துண்டு கட்டியிருந்ததுதான் வினையாகிவிட்டது. "முகம் மறச்சு எவிடெ போகுன்னு?" என்று ஒரு போலீஸ்காரர் என் நெஞ்சில் தடியை வைத்தார். பதில் சொல்ல வாயெடுத்தால் தும்மல்தான் வந்தது. அக்கா குறுக்கே வந்தார். சந்தையில் பேசிப் பழகிய மலையாளம் அவருக்கு.

"என்றெ அனியனாணு சாரே. மூக்கினு தீனம். டாக்டறெ காணான் போகுன்னு."

நோய் என்றதும் போலீஸ்காரர் ஓரடி பின்வாங்கி, போ என்று கையைக் காட்டினார். அனியன் என்றால் தம்பி. என்னைத் தன் ஆள் என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. கால் வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே முன்னால் நடந்தார். நெய்யாற்றின்கரையில் பஸ் கிடைத்தது.

விசாரணை அறையில் அதிகாரிகளோடு நரைத்த தலை டாக்டர் ஒருவர் இருந்தார். இவருக்கு முன்பே இந்த நோய் இருந்ததா என்று அக்காவிடம் கேட்டார்கள்.

"இல்ல ஏமானே."

எப்படித் தெரியும் என்றார்கள்.

"நான் சந்தைக்கு எறங்கும்பம் ஆராவது தும்மினா திரும்பிடுவேன். எனக்க பழக்கம் அது. இவனுக்க வீட்டு நடையத் தாண்டித்தான் எந்நாளும் போவேன். பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்ன இவனால நான் ஒரு நாளும் திரும்பினதில்ல. வந்த பொறவு திரும்பாத நாளு கொறவு. எனக்க ஏவாரமே போச்சு ஏமானே."

ஒரு அதிகாரி சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "போகும்போது இவருக்கு என்ன வயது?" என்றார்.

"மீச மொளச்ச சமயம். அம்மைய விட்டுட்டுப் போறோம்னு அழுதுட்டுப் போனான். மூக்கு வழிஞ்சது அந்த ஒரு நாளுதான். அது தீனமில்ல."

எனக்கே மறந்துபோன காலை அது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அவர் மகள் வீட்டில் தங்கிவிட்டார். "நீ போ மக்கா. தூசிக்கு மூக்கப் பொத்திக்கோ," என்றார். நான் தனியாக ஊர் வந்து சேர்ந்தேன்.

சில மாதங்களில் பென்ஷன் அனுமதித்து உத்தரவு வந்தது. முதலில் அவரிடம்தான் சொன்னேன். "நல்லா இரு," என்றார். மறுநாள் காலை நான் தும்மினேன். அவர் கூடையோடு திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு எல்லை பிரிந்தது. எங்கள் ஊர் தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அவர் மகளோடு இருக்கப் போய்விட்டார். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் இறந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. அவருடைய வீட்டை வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு ரப்பர் வைத்தார்கள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்றும் தனியாகத்தான் இருக்கிறேன். உனக்கு யார் இருக்கிறார்கள் என்று எவராவது கேட்டால், யாரும் இல்லை என்று மட்டும் இப்போது நான் சொல்வதில்லை. அன்று வேலிப் பக்கம் வந்து நிற்கும் வரை, எனக்கு அந்த அக்கா இருக்கிறார் என்பதும் தெரியாமல்தானே இருந்தது. எனக்குத் தெரிந்து யாரும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.