பதினோராவது பொந்து

என் அக்காவின் கணவர் கொத்தனார். ஊரில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர். செங்கல் வரிசை ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். “சுவரப் பாக்கற நேரத்துல பாதி என்னப் பாத்திருந்தா நான் ராணியா இருந்திருப்பேன்” என்பாள் அக்கா. “சுவரு எதுத்துப் பேசாதுல்ல” என்பார் மாமா.

நாலு வருஷத்துக்கு முன் நகராட்சி நூலகத்தின் பின்சுவரைப் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு வந்தது. கூரைக்குக் கீழே சாந்து உதிர்ந்து பதினொரு பொந்துகள். உழவாரக் குருவிகள் அங்கே கூடு கட்டும். நாளெல்லாம் வானத்திலேயே பறந்து திரிந்துவிட்டு, குஞ்சு பொரிக்க மட்டும் சுவரைத் தேடும் பறவை அது. மாமா சாரத்தில் நின்று ஒவ்வொரு பொந்திலும் கையை விட்டுப் பார்த்தார். பத்து காலி. பதினோராவதில் கதகதப்பாக ஏதோ அசைந்தது.

கீழே நின்ற காண்டிராக்டரிடம் சொன்னார்.

“குஞ்சு இருக்குங்க. பத்து நாள் விட்டுட்டா பறந்துடும்.”

“நாளான்னிக்குத் திறப்பு விழா. பூசிட்டு எறங்குங்க.”

மாமா பூசிவிட்டு இறங்கினார்.

மறுநாள் அதே சுவரின் கீழ்ப்பகுதியில் வேலை. தலைக்கு மேலே இரண்டு பறவைகள் வேகமாக வந்து, பொந்து இருந்த இடத்தில் மோதி மோதித் திரும்பின. பூச்சுக்கு உள்ளிருந்து கீச்சென்ற சத்தம் சாயங்காலம் வரை கேட்டது. அதற்கடுத்த நாள் சத்தம் இல்லை. பறவைகள் மட்டும் வந்தன.

அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவர் சிரிப்பது நின்றுபோனதும், போகிற வீடுகளில் எல்லாம் சுவரில் காதை வைத்துக் கேட்பதும்தான். சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று எழுந்துபோய் அடுக்களைச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். அக்கா அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். காது நன்றாகவே கேட்கிறது என்றார் டாக்டர். அக்கா நம்பவில்லை, தினமும் மருந்து ஊற்றினாள்.

இந்த வருஷம் ஒரு பள்ளி ஆசிரியை நகர்மன்றத்துக்கு மனு கொடுத்தார். உழவாரக் குருவிகள் அழிந்து வருகின்றன, இனி எழும்பும் ஒவ்வொரு கட்டடத்திலும் அவை கூடு வைக்க உள்ளே குடைந்த செங்கல் சில பதிக்க வேண்டும் என்று. மன்றக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை, அதனால் அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

“மனுஷனுக்கே வாடகைக்கு வீடு கெடைக்கல, குருவிக்குச் சொந்த வீடா?” என்றார் ஒரு உறுப்பினர். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. நூலக வேலை எடுத்த அதே காண்டிராக்டர் எழுந்து, ஓட்டைச் செங்கல் வைத்தால் சுவர் ஈரம் இழுக்கும் என்றார். அனுபவஸ்தர் ஒருத்தரையே கூட்டி வந்திருக்கிறேன் என்று மாமாவை முன்னால் தள்ளினார்.

மாமா மைக்கைத் தொடவில்லை.

“ஈரமெல்லாம் இழுக்காது. ஒழுங்காப் பூசத் தெரிஞ்சா போதும். நான் ஒழுங்காப் பூசுவேன். நூலகத்துல குஞ்சோட வெச்சுப் பூசியிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு விரிசல் இல்ல.”

மன்றத் தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “உள்ள இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். தொட்டுப் பாத்தேன்.”

காண்டிராக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறிப்பில் எழுதினேன்: ‘கொத்தனார் தொழில்நுட்ப விளக்கம் அளித்தார்.’

தீர்மானம் நிறைவேறியது. ‘வேண்டும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இயன்றவரை’ என்று போட்டார்கள். எதிர்த்தவர்களும் கை தூக்கினார்கள்.

வீட்டில் அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள்.

“நாலு வருஷமா நான் உங்க காதுக்கு மருந்து ஊத்திக்கிட்டிருந்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா உனக்கும் கேக்குமேன்னு பயந்தேன்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஜனங்கள் பார்க்க, நூலகச் சுவரில் ஏணியைச் சாத்தி ஏறினார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். உளியால் நாலு தட்டு, பூச்சு பெயர்ந்தது. எச்சிலால் ஒட்டிய இறகும் வைக்கோலுமாக ஒரு கூடு, அதில் தீக்குச்சி கனத்தில் எலும்புகள். ஒரே குஞ்சு என்றுதான் அவர் நினைத்திருந்தார். மூன்று இருந்தன. துண்டில் பொதிந்து இறக்கினார். அக்கா வாங்கிக்கொண்டாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அரசுக் கட்டடத்தைச் சேதப்படுத்தியதாக அவருக்கு நோட்டீஸ் வந்தது. பொந்தை அடைப்பதா விடுவதா என்று மன்றம் ஆறு கூட்டமாக ஒத்திவைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று நான் அழகாக எழுதுகிறேன்.

போன வாரம், நூலகத்தின் பின்சுவர் தெரியும் என் அலுவலக ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஒரு ஜோடிக் குருவி அந்தச் சுவரைச் சுற்றி வந்தது. ஒன்று பொந்தின் விளிம்பைத் தொற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. வேலையைப் போட்டுவிட்டு மாமாவிடம் ஓடினேன்.

“வந்திருக்கு மாமா! சீக்கிரம் வாங்க, பாக்கலாம்.”

அவர் சாந்து பூசும் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“நீ பாத்தா போதும்டா. நான் வந்து நின்னா அதுங்களுக்கு என்னை அடையாளம் தெரியும்.”