பச்சைப் பட்டினியும் மூன்று கிலோவும்

வீரமலைக்குப் பெயரில்தான் மலை, ஆள் முருங்கைக்காய். சீனச் சண்டை ஓய்ந்த மறு வருஷம், எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போதே, பூனா பக்கத்து ராணுவ அகாடமிக்கு விண்ணப்பம் போடுவது என்று முடிவு கட்டினான். இந்த வருஷம் விட்டால் வயசு தாண்டிவிடும். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாகத் திருச்சி ஸ்கூலுக்கு ஓடியே போனதில் காலும் உரமேறிவிட்டது. உடம்பில்தான் சதை ஒட்டவில்லை.

என்.சி.சி. வாத்தியார் ரோசரி சார் கறாரானவர். "மூணு கிலோ ஏத்திட்டு வா, விண்ணப்பத்துல கையெழுத்துப் போடறேன். பங்குனி முடியறதுக்குள்ள வந்துடு. அப்புறம் தேதி போயிடும்" என்றார்.

அன்றிலிருந்து வீரமலை தின்பதையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டான். பழைய சோறு, வேர்க்கடலை, வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்த அப்பா மருதை கொண்டுவரும் பூவன் பழம், வீட்டுக்குத் தெரியாமல் கடையில் அவித்த முட்டை. ஜங்ஷன் எடை மெஷினில் காசு போட்டு அட்டையைப் பார்ப்பான். இரண்டு கிலோ ஏறியிருந்தது.

அப்போதுதான் அம்மா பவுனம்மாள் அவனுக்கு நல்லது செய்யக் கிளம்பினாள். மாசிக் கடைசியில் சமயபுரம் மாரியம்மன் கோயில் பூச்சொரிதலுக்குப் போனவள் மஞ்சள் துணியோடு திரும்பினாள்.

"நீ ஆபீசராவணும்னு வேண்டிக்கிட்டேன். பங்குனிக் கடைசி ஞாயிறு வரைக்கும் நாம ரெண்டு பேரும் பச்சைப் பட்டினி."

"ஐயோ, எடை ஏறணும்மா!"

"ஆத்தாளே நமக்காகச் சோறு தொடாமக் கெடக்கறா. நீ முட்டை தின்னுட்டு அவகிட்ட வரம் கேப்பியா?"

முட்டை விஷயம் எப்படித்தான் தெரிந்ததோ! அப்பாவிடம் முறையிட்டான். "வேண்டிக்கிட்டாளே, நான் என்னடா செய்ய?" என்று அவர் மண்டிக்கு நடையைக் கட்டினார்.

நீர்மோர், பானகம், பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு. வேறெதுவும் கிடையாது. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் கடைக்கே போய் முட்டையும் வாங்கிவிட்டான். ஆனால் வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டான். ஆத்தா கோபித்துக்கொண்டு பரீட்சையில் கைவிட்டுவிட்டால்? முட்டையை நாய்க்குப் போட்டுவிட்டு, தன் மேலேயே எரிச்சலாக வீடு திரும்பினான்.

பங்குனி முடியும் தறுவாயில் எடை அட்டையை நீட்டினான். ரோசரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏத்திட்டு வரச் சொன்னா எறக்கிட்டு வந்து நிக்கறியே! என்னடா இது?"

"விரதம் சார்."

அவர் பேனாவை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை விரதம் முடிந்தது. பவுனம்மாள் சோற்றைக் குவித்துப் போட்டாள். "அதுக்கு ஏண்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? அடுத்த வருஷம் எழுதிப் போடு. அடுத்த வருஷமும் நான் பட்டினி கெடக்கறேன்."

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்று கத்த வாயெடுத்தான். பரிமாறிய அம்மாவின் மெலிந்த கையில் வளையல்கள் முழங்கைவரை தொளதொளவென்று ஏறிக் கிடந்தன.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றான்.