மச்சான் எழுந்து நடந்தார்... யாரும் கூப்பிடவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் மச்சான் ஒரு செல்போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அதற்குள்ளிருந்து யாரோ ஒருவர் "அண்ணே, திரும்பி வாண்ணே!" என்று கூப்பிடுவார் என்று காத்திருந்தார்.

கூப்பிட மாட்டார்கள் என்று நான் சொன்னேன். கேட்டால்தானே?

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பெயர் சம்பத். ஆம்பூரில் தோல் கட்பீஸ் வியாபாரம். ஷூ கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுத் தோலை மூட்டை மூட்டையாக வாங்கி, பர்ஸும் பெல்ட்டும் செய்கிறவர்களுக்கு விற்கிறார். இந்தத் தொழிலில் விலை என்று ஒன்று கிடையாது. பேச்சுதான் உண்டு. பேச்சில் மச்சான் புலி.

அவருடைய முறை ரொம்ப எளிமையானது. கடைக்காரர் ஒரு விலை சொல்வார். மச்சான் அதில் பாதியைச் சொல்வார். கடைக்காரர் சிரிப்பார். மச்சானும் சிரிப்பார். பிறகு "சரிப்பா, வர்றேன்" என்று எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார் — திரும்பியே பார்க்காமல்.

ஒரு தடவை வேலூர் லாங் பஜாரில் ஒரு குக்கருக்காக இப்படி நடந்தார். கூடவே நானும். கைவண்டிக்கு ஒதுங்கி, டூ வீலரில் இடிபட்டு... எனக்கோ மானம் போகிறது.

"மச்சான், அந்தக் கடையில 'ஃபிக்ஸட் ரேட்'னு போர்டு மாட்டியிருந்தாங்களே?"

"அந்த போர்டு உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வச்சது மாப்ள. போர்டு வச்சவன்தான் ஜாஸ்தி கொறைப்பான். பேசாம வாங்க."

பாத்திரக் கடை வரிசை முடிவதற்குள் பின்னால் குரல் வந்துவிட்டது. "அண்ணே... இங்க வாண்ணே!" மச்சான் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிற ஜாதி நான். என் மனைவி என்னைக் கறிவேப்பிலை வாங்கக்கூட அனுப்புவதில்லை. எனவே வாயை மூடிக்கொண்டேன்.

சரி, செல்போன் விஷயத்துக்கு வருகிறேன்.

மச்சான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், பபிள்கம் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் வீரர்கள் படம் போட்ட கார்டு வரும். மற்ற பையன்கள் அதை வைத்து விளையாடி, மடித்து, சுவரில் ஒட்டித் தீர்த்துவிட்டார்கள். மச்சான் அப்போதே வியாபாரி. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டார். தொடக்கூட யாரையும் விடவில்லை. அதில் ஒரு கார்டு, ஒரு பெரிய ஆட்டக்காரர் ஆட வந்த புதிதில் எடுத்த படம். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். நான்கு மூலையும் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தன. இப்போது இதற்கெல்லாம் அலைகிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதை எங்கேயோ படித்துவிட்டு நான்தான் அவரிடம் சொன்னேன். வாய் சும்மா இருக்குமா?

மச்சானைவிட என் பேச்சைக் கவனமாகக் கேட்டது அவர் மனைவி சாந்தி.

சாந்தி ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடி முட்டி தேய்ந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டாள். ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கலாம். புது ஆர்டர் ஆரம்பிக்கும்போது வேலை தருவதாகப் பழைய சூப்பர்வைசரும் சொல்லியிருந்தார். பழைய மெஷின் விற்கிற முனிரத்தினம் என்பவரின் ஷெட்டில் ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். ஒரு துண்டுத் தோலைக் கொண்டுபோய் அதில் தைத்துப் பார்த்திருந்தாள். அந்தத் துண்டு அவள் ஹேண்ட்பேக்கிலேயே இருந்தது. எனக்கு எடுத்துக் காட்டினாள்.

"தையல் பாருங்கண்ணா. எங்கயாவது கோணலா ஓடியிருக்கா? எனக்கு இந்த மெஷினுதான் வேணும். அவரு டின்ன தெறந்தா வாங்கிடலாம்."

டின் திறந்தது.

பழைய நாணயம், ஸ்டாம்ப், விளையாட்டு கார்டு எல்லாம் ஏலம் விடுகிற நிறுவனம் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. பெரிய ஏலத்தில் வைத்தால் பல மாதம் காத்திருக்க வேண்டும். மெஷின் அதுவரை நிற்காது. ஆனால் அதே வெப்சைட்டில் இன்னொரு பக்கம் உண்டு — ஃபிக்ஸட் ப்ரைஸ் மார்க்கெட். கார்டை அனுப்பிவிட்டால் அவர்கள் சோதித்து, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து, தாங்களே பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். விலையை நாம் போட வேண்டும். பிடித்தவர் பட்டனைத் தட்டி வாங்கலாம். அல்லது 'இந்த விலைக்குத் தருவீர்களா?' என்று ஒரு ஆஃபர் அனுப்பலாம். நாம் சரி என்கலாம், முடியாது என்கலாம். அல்லது வேறு விலை சொல்லலாம். அவ்வளவுதான்.

கார்டு போனது. இங்கிலீஷ் படிக்க நான். விலை சொல்ல மச்சான்.

அதே கார்டு முன்பு என்ன விலைக்குப் போனது என்று பார்த்துச் சொன்னேன். மச்சான் அதைப்போல இரண்டு பங்கு போடச் சொன்னார்.

"இறங்கி வர்றதுக்கு எடம் வேணாமா மாப்ள?"

சில நாளில் ஆஃபர் வந்தது. நாங்கள் போட்ட விலையைவிடக் குறைவுதான். ஆனால் முன்பு போன விலையைவிட அதிகம். மெஷினையும் வாங்கி, அதை ஆட்டோவில் ஏற்றி வீட்டில் இறக்கி, எல்லோரும் பிரியாணியும் சாப்பிட்டிருக்கலாம்.

"ஒத்துக்கலாம் மச்சான்."

"இன்னா மாப்ள நீங்க! மொத வெலைக்கே ஒத்துக்கினா அவன் நம்மள இன்னா நெனப்பான்? கார்டுல ஏதோ கோளாறுன்னு நெனப்பான்."

"அப்ப வேற விலையாவது சொல்லலாம்..."

"ஒண்ணும் சொல்லக்கூடாது. எழுந்து நடக்கணும். அந்த முடியாதுன்றது எந்த பட்டன்?"

காட்டினேன். தட்டினார். தட்டிவிட்டு நிஜமாகவே நாற்காலியிலிருந்து எழுந்தார். வாசல் வரை நடந்தார். சப்புக்கொட்டிக்கொண்டு திரும்பி வந்து, செல்போனை எதிரில் வைத்து உட்கார்ந்தார்.

"இப்ப கூப்புடுவான் பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் முதலிலேயே சொன்னேன்.

டீ வந்தது, ஆறியது. செல்போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். "டவர் இருக்கா மாப்ள?" என்பார். இருந்தது. அந்த ஆஃபர் முடிந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் நின்றது. மறுநாள், அந்த ஆளின் போன் நம்பரைக் கேட்டு மெயில் போடச் சொன்னார். போட்டேன். வாங்குபவர் விவரத்தைத் தருவதில்லை என்று நிறுவனம் மரியாதையாகப் பதில் எழுதியது.

"மூஞ்சியக் காட்டமாட்டான், பேரு சொல்லமாட்டான்... இது இன்னா யாவாரம்?"

அந்த வாரமே, வேறு யாரோ வைத்திருந்த அதே கார்டு விற்றுப்போயிருந்ததைத் திரையில் காட்டினேன். ஒரு மூலை மழுங்கிய கார்டு. மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூல ஒடஞ்சதுக்குப் போய்ட்டானே மாப்ள... நம்மளுது எவ்ளோ சுத்தமா இருக்குது!"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பரிதாபம் கொஞ்சம் லேட்டாக வந்தது. லாங் பஜாரில் எழுந்து நடந்தால், முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே யார் பார்க்கிறார்கள்? நீங்கள் நடக்கிறீர்கள் என்பதே எதிராளிக்குத் தெரியாது. அவர் அடுத்த கார்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் சாந்தி வாயைத் திறந்தாள்.

"அந்த மெஷினை ராணிப்பேட்டக்காரர் ஒருத்தர் கேட்டுனு இருக்காராம். உங்க வீறாப்ப எல்லாம் பஜார்ல காட்டுங்க, வேணான்னு சொல்லல. எந்தலையில ஏன் காட்றீங்க? இன்னொரு வாட்டி எனக்கு எவன் வேல தருவான்?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

அடுத்த ஆஃபர் வந்தபோது மச்சான் எனக்கு போன் செய்தார். முந்தைய ஆஃபரைவிட ரொம்பக் குறைவு. நான் வாயைத் திறப்பதற்குள், "ஒத்துக்கற பட்டன் பச்சையா இருக்கறதுதானே மாப்ள? தட்டிட்டேன்" என்றார். பேரமே பேசாமல் அவர் முடித்த முதல் வியாபாரம். கமிஷன் போக வந்த பணத்தில், முனிரத்தினம் சொன்ன விலைக்குக் கொஞ்சம் துண்டு விழுந்தது.

போன சனிக்கிழமை மூன்று பேரும் ஷெட்டுக்குப் போனோம். மெஷின் இன்னும் இருந்தது. மச்சான் மூலையில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பேச வேண்டியவர் பேசவில்லை. "மீதிய ரெண்டு மாசத்துல தர்றேன்னு கேட்டுப் பாக்கலாமா மாப்ள?" என்று என் காதில் சொன்னார். இவரா லாங் பஜார் சம்பத்?

சாந்தி யாரையும் கேட்கவில்லை. பையிலிருந்து அதே துண்டுத் தோலை எடுத்து, பழைய தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு வரி ஓட்டினாள். கையிலிருந்த பணத்துக்கும் கொஞ்சம் கீழே ஒரு விலை சொன்னாள்.

முனிரத்தினம் சிரித்தார். "கட்டுப்படியாவாதும்மா."

"சரிங்க. வர்றோம்."

ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டினாள். நடந்தாள்.

மச்சான் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினார். "ஏய் சாந்தி, இன்னா பண்ற? போவாதம்மா! கூப்புட மாட்டாங்க!"

"பேசாம வாங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"சொன்னா கேளு... கூப்புட மாட்டாங்கம்மா, நான் பாத்துட்டேன்..."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷெட்டைத் தாண்டி, தண்ணீர் டேங்கைத் தாண்டி, கேட் வரை வந்துவிட்டோம். கேட்டுக்கு வெளியே ஆட்டோக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நடக்கிறவள் அவள், வேர்த்தது எனக்கு. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சாந்தி ஆட்டோவில் கை வைத்தாள்.

"தங்கச்சி... இங்க வாம்மா! வந்து எடுத்துனு போ!"

மச்சான்தான் முதலில் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "மாப்ள... கூப்புட்றாரு மாப்ள!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஆன்லைனில் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். 'இங்க வாம்மா'வுக்கு மட்டும் இன்னும் வைக்கவில்லை!